நான்கு பேரை ஏற்றிவைத்துச் செய்த அலைன்மென்ற்

1. ராக் என் கைக்கு வந்தது

கார்ச் சில்லுகளை நேராக்கும் அலைன்மென்ற் ராக்கை என்னிடம் ஒப்படைத்த அன்று குணம் அண்ணை ஒரேயொரு பாடம்தான் நடத்தினார். மெசினில் எல்லாம் பச்சையாக வந்தால் காரை வெளியே விடு, சிவப்பாக நின்றால் விடாதே. வேலை இவ்வளவுதான் என்றால் இதற்கு ஒரு ஆள் எதற்கு, ஒரு கிளியைப் பழக்கி இருத்திவிடலாமே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்படிச் சிரித்ததற்குத் தண்டனையாகத்தான் அந்த நீலக் கார் வந்து சேர்ந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் வந்து குடியேறிய பனி நாட்டில், மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவின் பின்புறத்தில் குணம் அண்ணையின் கராஜ் இருந்தது. முன்பக்கம் மளிகைக் கடை, வீடியோக் கடை, நகைக் கடை, பின்பக்கம் நாங்கள். சேர்ந்த நாள் தொட்டு நான் ரயர் பக்கத்தில்தான் நின்றேன். பனிக்காலம் வருகிறது என்று ரேடியோவில் சொன்னவுடன் சனம் முழுவதும் ஒரே கிழமையில் ஸ்னோ ரயர் மாற்ற வந்து நிற்கும். கழற்று, பூட்டு, தூக்கு, இறக்கு. வீட்டுக்குப் போனால் குனிந்து சப்பாத்தைக் கழற்ற முடியாது. ராக்கில் வேலை செய்தவர் பிக்கரிங்கில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனபோது எனக்கு அந்த இடம் கிடைத்தது. ரயர் பக்கம் முதுகால் செய்யும் வேலை, ராக் மூளையால் செய்யும் வேலை என்று எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

என் மனைவி லண்டன், பாரிஸ் என்று உறவுக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்து, இவர் இப்போது கொம்பியூட்டரில் வேலை செய்கிறார் என்று சொல்லிவிட்டாள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. நான்கு சில்லுகளிலும் ஒவ்வொரு சென்சரைப் பூட்டினால், அவை அளக்கும் கணக்கெல்லாம் கொம்பியூட்டர் திரையில்தான் வரும். அந்தத் திரைக்கு முன்னால் நிற்கும்போது எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

ராக் மட்டும் பழைய காலத்து மாதிரி. இப்போதுபோல் காரைத் தூக்கி மேலே நிறுத்துவது கிடையாது. கார் நில மட்டத்திலேயே நிற்கும். அதற்குக் கீழே நீளமாக ஒரு குழி. படியால் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே காரை வைத்துக்கொண்டு போல்ற்றைத் திருகுவோம். உள்ளே சேறும், உப்பும், பழைய எண்ணெய் மணமும். இந்தக் குழியைப் பற்றி நான் அன்று பேசிய பேச்சுக்கள் கொஞ்சநஞ்சமல்ல. பின்னால் நான் பிழைத்ததே அந்தக் குழியால்தான்.

2. ரயர் தின்னும் கார்

அந்த நீலக் காரின் சொந்தக்காரன் நிமலனுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். பிக்கரிங்கில் பிளாஸ்ரிக் சாமான் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அக்காமார் இருவரையும் கரைசேர்த்த பிறகு, தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதற் பொருள் அந்தக் கார். இரண்டு கதவு வைத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், செக்கண்ட் ஹான்ட், கடல் நீலம். பின்னால் இரண்டு சீற் உண்டு. அவற்றைச் செய்தவன் மனிதருக்குக் கால் இருப்பதை மறந்துவிட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

முதல் தடவை வந்தபோது பின் ரயர்கள் இரண்டும் உட்பக்கம் தேய்ந்திருந்தன. வெளியே நின்று பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வெளி ஓரத்தில் ரப்பரில் வெட்டிய பூ அழகாக இருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால் மொட்டை. இளையவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சில்லு நிமிர்ந்து நிற்கிறதா, தலையை உட்பக்கமாகச் சாய்த்து நிற்கிறதா என்பதைக் காம்பர் என்போம். இரண்டு சில்லும் நேரே பார்க்கின்றனவா, ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றனவா என்பது ரோ. காம்பர் பிழைத்தால் ரயரை மெதுவாகத் தின்னும். கூடவே ரோவும் பிழைத்தால் பந்தியில் இருந்து தின்பதுபோலத் தின்னும்.

புது ரயர் போட்டு, நான்கு சில்லும் பச்சை வரும்வரை திருகி, காரை அனுப்பிவைத்தேன். கோடை முடிவதற்குள் நிமலன் திரும்பி வந்தான். அதே பின் ரயர்கள், அதே உட்பக்கம். செய்த வேலை இப்படித் திரும்பி வருவதைத் தொழிலில் கம்பேக் என்போம். மெக்கானிக்குக் காதில் விழக்கூடாத சொல் அது.

இரண்டாம் முறை நான் விளையாடவில்லை. புஷ், போல் ஜொயின்ற், ஸ்பிறிங் எல்லாம் பார்த்தேன். பனிக்கால உப்பில் இறுகிப்போன போல்ற்றுகளை நெருப்புப் பிடித்து இளக்கி, புதியவை போட்டேன். மெசின்காரரைக் கூப்பிட்டு மெசினே சரியா என்றும் பார்க்கச் சொன்னேன். அது சரியாகத்தான் இருந்தது. எனக்கென்றால் அது பிழை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது. திரும்பவும் பச்சை, திரும்பவும் புது ரயர்.

நிமலன் சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அப்படிப்பட்டவன் அல்ல. ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை அண்ணை, உங்களாலை ஏலுமானதைச் செய்யுங்கோ" என்பான். காரையும் சாமி அறைபோல வைத்திருந்தான். கழுவி, உள்ளே வக்யூம் பண்ணி, டிக்கியில் ஒரு தூசி துரும்பு இல்லாமல் கொண்டுவந்து தருவான். இவ்வளவு பவ்வியமான பிள்ளையின் காரை நான் நாசமாக்குகிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

விஷயம் கராஜோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை பெண்பிள்ளை பெரியவளானதற்கு வைத்த ஏதோ ஒரு சாமத்திய வீட்டு ஹோலில், சாப்பாட்டு வரிசையில் நின்ற குணம் அண்ணையிடம் பின்னால் நின்றவர் கேட்டிருக்கிறார், உங்கள் கடையில் ரயர் தின்கிற மெசின் ஒன்று இருக்கிறதாமே என்று. குணம் அண்ணை தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டார். இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. குணம் அண்ணை சொன்னது வேறு. திங்கட்கிழமை காலை நான் உள்ளே வந்து ஜக்கெற்றைக் கழற்றுமுன்னரே சொன்னார்.

"வரதன், இன்னொருக்கா உந்தக் கார் ரயர் தேஞ்சு வந்துதெண்டால், நீர் ராக்கை விட்டிட்டு ரயர் பக்கம் போம். நான் வேறை ஆள் பாக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எப்போதும் கத்துகிற மனிதன் மெதுவாகப் பேசினால் தீர்மானம் எடுத்துவிட்டான் என்று அர்த்தம். ஸ்னோ ரயர் காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. என் முதுகு இப்போதே அழுதது. லண்டனுக்கும் பாரிசுக்கும் என் மனைவி இனி என்ன சொல்லப் போகிறாள் என்றும் யோசித்தேன்.

3. கழுவாமல் வந்த நாள்

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. குணம் அண்ணை வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வானை ராக்கிலிருந்து வெளியே விட்டுவிட்டு நிமிர்கிறேன், யார்டுக்குள் நீலக் கார் வருகிறது. பின் சில்லு ஒன்றில் காற்று இல்லை. ரப்பர் நிலத்தில் அடித்து அடித்து வருகிற சத்தம் எனக்கு நெஞ்சில் அடிப்பதுபோல இருந்தது. குணம் அண்ணை தேத்தண்ணீரை மழைக்குள் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆனால் கார் கிட்ட வரவர எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கழுவாத காரை, சேறு பிடித்த நிமலனின் காரை, அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன். இன்னொன்று, கார் பின்பக்கம் குந்தியிருந்தது. முன்பக்கம் மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது.

நிமலன் இறங்கி வந்து, மன்னித்துக்கொள்ளுங்கோ, வேலையிலிருந்து நேரே வருகிறேன், வழியில் ரயர் போய்விட்டது, வீட்டுக்குப் போய்க் காரைத் துப்புரவாக்க நேரம் கிடைக்கவில்லை என்றான். அதன் பிறகு மற்றக் கதவு திறந்தது. முதலில் புவனம் அன்ரி இறங்கினார், மடியில் சாப்பாட்டுப் பையோடு. தொழிற்சாலையில் நிமலனோடு வேலை செய்பவர். அவர் இறங்கிச் சீற்றை மடக்கியதும் பின்னாலிருந்து ஒரு கால் வந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கால் மட்டுமே வெளியே இருந்தது. பிறகு அந்தக் காலுக்குச் சொந்தக்காரரான பேரின்பம் அண்ணை மெல்ல மெல்ல வெளிப்பட்டார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். இனி முடிந்தது என்று நினைத்தால், அவருக்குப் பின்னால் அவரைவிடத் தடித்த அவருடைய தம்பி சிவம். வெள்ளிக்கிழமை சம்பள நாள் என்பதால் வழியில் சாமான் வேறு வாங்கியிருந்தார்கள். டிக்கியைத் திறந்தால் வீட்டுக்கு ஒன்று என்று அரிசி மூட்டைகள், தேங்காய், இரும்பு வைத்த வேலைச் சப்பாத்துக்கள்.

நான் காரைச் சுற்றிப் போய்ப் பின்னால் குந்தியிருந்து பார்த்தேன். ஆட்கள் இறங்க இறங்கக் கார் மூச்சு விட்டதுபோல மேலே எழும்பியது. அதோடு பின் சில்லுகளும் நிமிர்ந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலவும் வந்தது.

"தம்பி, இவ்வளவு சனமும் ஒவ்வொரு நாளும் உதுக்குள்ளையோ வாறது?"

"ஓம் அண்ணை. எல்லாரும் கிட்டக் கிட்டத்தானே இருக்கிறம்."

"பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை."

உண்மைதான், நான் கேட்கவில்லை. ரோட்டுக் குழியில் விட்டாயா, நடைபாதைக் கேர்பில் இடித்தாயா, வேகமாகத் திருப்புகிறாயா என்று எல்லாம் கேட்டேன். ஸ்போர்ட்ஸ் கார், கல்யாணம் கட்டாத பெடியன். இதில் வேறு யார் ஏறப் போகிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். காரைச் செய்தவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் கார் வாங்கினால், அது எந்தக் கார் என்றாலும், அந்தத் தெருவில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள் என்று ஜப்பான்காரனுக்கு யார் சொல்வது? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் கார் வாங்கும்வரை அப்படித்தான் வேலைக்குப் போனேன்.

அவன் பங்குக்கு அவன் செய்ததும் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. டொக்டரிடம் போவதென்றால் குளித்து, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நாங்கள். கராஜுக்குப் போவதென்றால் மூட்டை முடிச்சையெல்லாம் இறக்கி, ஆட்களை வீட்டில் விட்டு, காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவருவான். அழுக்காகக் கொடுத்தால் வேலை செய்கிறவர்களுக்கு மரியாதை இல்லையாம். ஒவ்வொரு முறையும் நோயை வீட்டில் விட்டுவிட்டு வந்து, எனக்கு எங்கே வருத்தம் என்று கண்டுபிடியுங்கோ என்றால் நான் என்ன செய்வேன்?

4. குழிக்குள் கேட்டவை

விஷயம் புரிந்ததும் புவனம் அன்ரிக்கு முகம் வாடிவிட்டது. எங்களால்தானா என்று கேட்டார். பேரின்பம் அண்ணை தன் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, திங்கட்கிழமையில் இருந்து நாங்கள் பஸ்ஸில் போகிறோம் தம்பி என்றார். அந்தத் தொழிற்சாலைக்குக் காலை வேலைக்கு முன் போய்ச் சேருகிற பஸ் எதுவும் கிடையாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குணம் அண்ணையும் இதுதான் வழி என்றார். ஆட்களை ஏற்றாதே, அல்லது இதை விற்றுவிட்டு ஒரு வானை வாங்கு. நியாயமான பேச்சுத்தான். நிமலன் காரைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"காரை வேணுமெண்டால் விக்கிறன் அண்ணை. அன்ரியவையை இறக்கேலாது. நான் வந்த புதிசிலை என்னை ஏத்திக்கொண்டு போனது அவைதான்."

அந்தக் கணத்தில் எனக்கு ராக் போனாலும் போகட்டும், இவனுடைய கார் போகக் கூடாது என்று தோன்றியது. மெய்யாகவே அப்படித்தான் தோன்றியது. பவ்வியமாகப் பேசுகிற பிள்ளை என்று இவ்வளவு நாளும் அவனைக் குறைவாகத்தான் எடைபோட்டிருந்தேன்.

குணம் அண்ணையிடம் போய், எனக்கு இன்னொரு தடவை தாருங்கோ, இன்றைக்கே செய்கிறேன், இதற்குப் பிறகும் தின்றால் நானே ரயர் பக்கம் போகிறேன் என்றேன். எப்படிச் செய்யப் போகிறாய் என்று கேட்டார். ஆட்களை ஏற்றி வைத்துக்கொண்டு என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உது கராஜோ, கலியாண வீட்டு பஸ்ஸோ?" என்று கேட்டுவிட்டு, புது ரயர் எடுத்துவரத் தானே உள்ளே போனார்.

ரயர் பூட்டி, காரை ராக்கில் நிறுத்தி, நால்வரையும் வழமையாக இருக்கும் இடங்களில் இருக்கச் சொன்னேன். அரிசி மூட்டைகள் டிக்கியில், சாப்பாட்டுப் பை அன்ரியின் மடியில். கார் நிலத்தோடு நிற்பதால் ஏறுவதற்கும் பயமில்லை, இருப்பதற்கும் பயமில்லை. தூக்கி நிறுத்தும் புது மாதிரி ராக் என்றால் இந்த வேலையை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. சென்சர்களைப் பூட்டித் திரையைப் பார்த்தேன். பின் இரண்டு சில்லும் நல்ல சிவப்பு. காம்பர் உள்ளே சாய்ந்து, ரோ வெளியே விரிந்து, தின்பதற்கு வேண்டிய எல்லாம் தயாராக இருந்தது. ஒரு மெக்கானிக் சிவப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்டது உலகத்திலேயே நானாகத்தான் இருக்கும்.

பிறகு குழிக்குள் இறங்கினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே காருக்குள் இருப்பவர்கள் கொஞ்ச நேரத்தில் கீழே ஒருவன் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். நான் போல்ற்றைத் திருகத் திருக, மேலே புவனம் அன்ரி பக்கத்து ஊரான மார்க்கத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் குணநலன்களை நிமலனுக்கு எடுத்துச் சொன்னார். நல்ல பிள்ளை, வங்கியில் வேலை, காரில் ஏறினால் வாந்தி எடுக்காது. சிவம் மடங்கியிருந்து தனக்கு இடுப்பு நாரி பிடித்துவிட்டது என்று முனகினார். பேரின்பம் அண்ணை, இந்த மெக்கானிக் பெடியன் கெட்டிக்காரன்தான், ஆனால் ஆள் நோஞ்சான், வீட்டில் சாப்பாடு இல்லையோ தெரியாது என்றார். என் மனைவியின் சமையலைப் பற்றிக் குழிக்குள் நின்றுகொண்டு வாதாட முடியாது என்பதால் அடுத்த போல்ற்றுக்கு நகர்ந்தேன்.

நேரம் போனதும் அன்ரி பையைத் திறந்து மிச்சமிருந்த வடையைப் பின்னால் நீட்டியிருக்கிறார். அதை வாங்கப் பின்னால் இருந்த இருவரும் முன்னே சாய்ந்திருக்கிறார்கள். திரையில் நான் பாடுபட்டுக் கொண்டுவந்த கணக்கெல்லாம் துள்ளி ஓடியது. குணம் அண்ணை திரைக்கு முன்னால் நின்று, "அன்ரி, வடையைத் திண்டு முடிச்சிட்டு நேர இருங்கோ, நீங்கள் அசைய அசைய மெசின் ஆடுது" என்று கெஞ்சினார். அவர் ஒரு வாடிக்கையாளரிடம் கெஞ்சியதை நான் வேறு எப்போதும் கேட்டதில்லை.

தந்திரம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்களோடு பச்சைக்குக் கொண்டுவந்தேன். பிறகு எல்லோரையும் இறக்கிவிட்டு வெறும் காரைப் பார்த்தேன்; இப்போது அது மற்றப் பக்கம் சிவந்தது. திரும்ப ஏற்றினேன், கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். திரும்ப இறக்கினேன். ஏறியும் இறங்கியும் பேரின்பம் அண்ணைக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் ஆள் ஏறினால் பச்சையின் இந்தக் கரையில், ஆள் இறங்கினால் பச்சையின் அந்தக் கரையில் நிற்கிற மாதிரி ஒரு இடம் அகப்பட்டது. அங்கே போல்ற்றை இறுக்கினேன். காற்றையும் பாரத்துக்கு ஏற்றபடி கூட்டி விட்டேன். டிக்கியில் அரிசி மூட்டை இனிமேல் ஒன்றுக்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அன்ரி அதை மட்டும் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் யோசித்தார்.

5. அளந்து பார்த்தவர்

அந்தப் பனிக்காலம் முழுவதும் நான் ராக்கில் நின்றேன் என்றாலும் மனது ரயர் பக்கத்திலேயே இருந்தது. நீல நிறத்தில் எந்தக் கார் யார்டுக்குள் திரும்பினாலும் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். நிமலன் கார் வசந்தத்தில்தான் வந்தது, எண்ணெய் மாற்றுவதற்கு. நான் ரயரைத் தொடுமுன் குணம் அண்ணை அளவுகோலை எடுத்துக்கொண்டு தானே குந்திவிட்டார். பின் ரயர் இரண்டையும் உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று அளந்தார். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்ப வந்து இன்னொரு முறை அளந்தார். எழுந்து அளவுகோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒபிசுக்குள் போய்விட்டார். நான் ஓடிப்போய்க் கையை உள்ளே விட்டுத் தடவினேன். வெளி ஓரம் போலவே உள் ஓரமும் பூவோடு இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அந்த ரயரை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் எத்தனையோ மெசின்களில் வேலை செய்துவிட்டேன். இப்போது வருகிறவை கமெரா வைத்துக் கண்மூடித் திறப்பதற்குள் அளந்து முடித்துவிடும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மெசின் உங்கள் முன்னால் நிற்கும் காரைத்தான் அளக்கும். ரோட்டில் ஓடுகிற கார் வேறு. அதில் யார் யார் ஏறுகிறார்கள், எங்கே இருக்கிறார்கள், என்ன தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதை வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

அன்று எண்ணெய் மாற்றி முடித்து நான் நிமலனின் காரை வெளியே விட்டுவிட்டு ஒபிசுக்குள் போனேன். குணம் அண்ணை போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். யாரோ புது ஆள், புதுக் காராம், முன் ரயர் தேய்கிறதாம். நான் வந்து நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

"ஓம், கொண்டு வாரும். தனிய வராதையும், உம்மோடை ஆரார் போறவையோ எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாரும்," என்றார். மறுமுனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "எங்கடை அலைன்மென்ற்காரன் அப்பிடித்தான் கேப்பான்."